ஒரு விளக்கும் ஐந்து எசமானர்களும்

ஒரு மின்விளக்கை ஏற்றுவதற்கும் நூர்ப்பதற்கும் எத்தனை பேர் வேண்டும் என்று இருபது ஆண்டுகளுக்கு முன் எவரேனும் நம்மை வினவியிருப்பின், வினவியவரின் தேக சுகத்தையே நாம் முதலில் விசாரித்திருப்போம். சுவரிலே ஓர் ஆளி. அதை அழுத்த ஒரு விரல். அந்தக் காரியத்திலே அதற்குமேல் ஆராய யாதுமில்லை. இன்றோ, தெமட்டகொடையிலே நமது சிறிய வீட்டின் ஓர் அறையிலே தொங்கும் ஒரேயொரு மின்குமிழுக்கு ஐந்து எசமானர்கள் இருக்கின்றனர். ஐவருள் ஒருவர் கடல் கடந்து கனடாவிலே வாழ்கின்றார். ஐவரும் நல்லவர்கள், அந்த அறையிலே வசிக்கும் எண்பத்திரண்டு வயது மூதாட்டியாரின் நன்மையையே நாடுபவர்கள். ஆயினும் 2024 ஆம் ஆண்டின் இறுதியிலே, ஏறத்தாழ ஆறு வாரகாலம், அம்மூதாட்டியார் விளக்கு வைக்கும் நேரத்திலே இருளில் அமர்ந்திருக்க நேர்ந்தது. அவர் நமது அன்னையார்.

இத்தகைய மின்குமிழ்கள் நம்மவர் பலரது வீடுகளிலும் புகுந்துவிட்டன. வெளிநாட்டுச் சுற்றத்தார் வரும்போதெல்லாம் பெட்டியின் அடியிலே சொக்கலேற்றோடு இவையும் வந்து இறங்குகின்றன. ஆதலால் நம் வீட்டிலே நடந்ததை நேயர்களுக்கு விரிவாகவே எழுதுகின்றோம்.

முதலிலே அக்குமிழின் இயல்பைச் சிறிது கூறவேண்டும். ஸ்மார்ட் பல்பு என்று கடைக்காரர் கூறும் இப்பொருளின் தலைக்குள்ளே, ஒளியுமிழும் சில்லுகளோடு ஒரு சின்னஞ்சிறு கணினியும், செய்தியை வாங்கவும் விடுக்கவும் வல்ல வானலைக் கருவியும் குடியிருக்கின்றன. விளக்கு நூர்ந்திருக்கும்போதும் அவை விழித்திருக்கும். கட்டளை எப்பொழுது வரும் என்று காத்திருக்கும். 2012 இல் பிலிப்ஸ் கம்பெனியார் ஹியூ என்னும் பெயரோடு மூன்று குமிழ்களையும் ஓர் இணைப்புப் பெட்டியையும் சேர்த்து விற்கத் தொடங்கிய பின்னரே இவை பொதுமக்களின் கைக்கு எட்டலாயின. அவை பேசிய பாஷை சிக்பீ. சிக்பீக் குமிழ் பதிவிரதையைப் போன்றது; ஒரே காலத்தில் ஒரே வலையமைப்பிலேதான் சேரும். பிறருடைய செயலிகள் அதனோடு நேரே பேச இயலாது. அதன் இணைப்புப் பெட்டியின் வாயிலாகவே பேசவேண்டும்.

மலிவான வைஃபைக் குமிழ்களின் கதை வேறு. அவற்றுட் பல, தம்மைச் செய்த கம்பெனியின் தூரதேசத்துக் கணினியோடுதான் உறவாடும். நாம் கொழும்பிலே கட்டிலிற் சாய்ந்தபடி ‘ஏற்று’ என்றால், அச்சொல் சமுத்திரம் தாண்டிச் சென்று, ஒரு கம்பெனியின் கணினியிலிருந்து மற்றொரு கம்பெனியின் கணினிக்குத் தாவி, மீண்டும் சமுத்திரம் தாண்டி நம் தலைக்குமேல் மூன்றடி உயரத்திலிருக்கும் குமிழுக்கு வந்து சேரும். கடவுச்சொல்லை மாற்றினால் பாலம் அறும். கம்பெனியே கடையைக் கட்டினாலோ சொல்லவேண்டியதில்லை. 2022 ஏப்பிரலிலே அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனத்தின் கணினிகள் திடீரென மௌனமாகிவிட, அவற்றை நம்பியிருந்த வீட்டுக்காரர்கள் தத்தம் செயலிகள் வேலை செய்யாமல் திகைத்து நின்றனர்.

இந்த அலங்கோலத்தைத் தீர்ப்பதற்காகவே, சந்தையிலே ஒருவரையொருவர் முகங்கொடுத்துப் பாராத அமேசன், அப்பிள், கூகிள் ஆகிய மூவரும் 2019 டிசம்பரிலே சிக்பீக் கூட்டமைப்போடு கைகோத்தனர். 2022 ஒக்டோபரிலே ‘மேட்டர்’ என்னும் பொதுப் பாஷையின் முதற்பதிப்பு வெளிவந்தது. நமது அன்னையாரின் அறைக்குமிழ் இப்பாஷை பேசுவது. இதனைப் பேசும் குமிழ் பல எசமானர்களை நேரடியாகவே ஏற்றுக்கொள்ளும். குறைந்தது ஐந்து வலையமைப்புகளுக்கேனும் அதன் நினைவிலே இடமிருத்தல் வேண்டும் என்பது விதி. ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திறவுகோல். குமிழின்மேல் அச்சிடப்பட்டிருக்கும் குறியெண் முதலாம் எசமானருக்கே உதவும். இரண்டாமவர் புகவேண்டுமானால், முதலாமவரின் செயலி ஒரு புதிய எண்ணைப் பெற்றுத் தரவேண்டும். கதவு சில நிமிடங்களே திறந்திருக்கும், மிகுதியாய்ப் போனால் பதினைந்து நிமிடம். எல்லாம் நன்கு சிந்தித்துச் செய்த ஏற்பாடுகள். ஒன்றை மாத்திரம் அவ்வறிஞர்கள் ஏற்பாடு செய்யவில்லை. எசமானர்கள் தம்முள் முரண்பட்டால் எவர் சொல் நிலைக்கும் என்பதே அது. வீட்டுப் பாவனையிலே உட்புகுந்த அனைவருக்கும் அதிகாரம் சமமே. கடைசியாக வந்த கட்டளையைக் குமிழ் நிறைவேற்றும். கட்டளையிட்டவர் யார் என்பதை மற்றையவர்களுக்குச் சொல்லாது. விளக்கு எரிகின்றது, விளக்கு எரியவில்லை என்ற இரண்டு சேதிகளே ஒவ்வொரு செயலியிலும் தெரியும்.

இனி நம் வீட்டு எசமானர்களை அறிமுகம் செய்வோம். குமிழைச் செய்த கம்பெனியின் சொந்தச் செயலி நம் இல்லாளின் கைத்தொலைபேசியிலே இருக்கின்றது. நம் மகளின் மேசையிலே, பேச்சைக் கேட்டு மறுமொழி கூறும் பெட்டி ஒன்று இருக்கின்றது. பொழுது பட்டதும் அப்பம்மாவின் விளக்கை ஏற்றுவதும், இரவு ஒன்பதரைக்கு அதனைப் பத்திலொரு பங்காய்க் குறைப்பதும், காலை ஆறு மணிக்கு நூர்ப்பதும் அப்பெட்டியின் கடமைகள். மேல்மாடியிலே குடியிருக்கும் நம் தம்பியார் கணினித் தொழிலர். வீட்டு விவகாரம் பிறர் கம்பெனியின் கணினிக்குப் போதல் ஆகாது என்ற கொள்கையுடையவர். புத்தகமளவேயான ஒரு கணினியிலே தாமே ஓர் ஆட்சிமுறையை அமைத்து வைத்திருக்கின்றார். நான்காமவர் ரொறன்ரோவிலே வாழும் நம் மூத்த தமக்கையார். 2024 ஆகஸ்டிலே நல்லூர்த் திருவிழாவுக்கென வந்தவர், தம் வீட்டிலே பரீட்சித்துப் பார்த்த ஓர் இணைப்புப் பெட்டியைக் கொணர்ந்து அன்னையாரின் அலுமாரியின்மேல் வைத்துச் சென்றார். அங்கிருந்தபடியே அம்மாவின் விளக்கைப் பார்க்கவேண்டும் என்பது அவர் ஆசை. ஐந்தாமவர் சுவரிலுள்ள பழைய ஆளி. அன்னையார் அறிந்த எசமானர் அவ்வாளி ஒன்றே.

நவம்பர் மாதக் கடைசியிலே நோய் தோன்றியது. மாலையிலே தானாகவே ஏறும் விளக்கு சில நிமிடங்களில் தானாகவே நூர்ந்துபோம். அன்னையார் எழுந்து ஆளியை அழுத்துவார். நேயர்கள் இவ்விடத்தைச் சற்றே கவனிக்க வேண்டும். குமிழ் நூர்ந்திருந்ததே தவிர ஆளி திறந்துதான் இருந்தது. அன்னையார் அதனை அழுத்தியதும் மின்சாரமே நின்றுவிட்டது. அதன்பின் எந்த எசமானர் அழைத்தாலும் குமிழ் பேசாது. ஒரு செயலி ‘பதிலில்லை’ என்னும். இன்னொன்று ‘தொடர்பறுந்தது’ என்னும். மகளின் பெட்டியோ பணிவான குரலிலே மன்னிப்புக் கேட்கும். இரண்டாம் முறை அழுத்தியிருந்தால் விளக்கு முழு ஒளியோடு எரிந்திருக்கும். ஆனால் எழுபது ஆண்டுப் பழக்கத்திலே ஒருமுறை அழுத்தி எரியாத விளக்கு, பழுதான விளக்கே. அன்னையார் கதிரையிலே சென்று அமர்ந்துவிடுவார். கண்ணிலே சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். ஒருநாள் முக்காலியிலே முழங்கால் அடிபட்டு நீலம் பாய்ந்துவிட்டது. டிசம்பர் நடுவிலே திருக்கார்த்திகை விளக்கீட்டன்று, வாசலிலே அகல்விளக்குகள் வரிசையாய் எரிகையில், அவரது அறை இருண்டு கிடந்ததைக் கண்டபோது நமக்கு மனம் பொறுக்கவில்லை. அந்திப் பொழுதிலே வீட்டு விளக்கு நூர்வதை நம் முதியோர் எவ்வாறு கருதுவர் என்பதை நேயர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இதனோடு இன்னொன்றும் நிகழ்ந்தது. நள்ளிரவு கடந்து மூன்று மணியளவிலே, மங்கலாய் எரிந்துகொண்டிருக்கும் அதே விளக்கு திடீரென்று முழு ஒளி வீசும். அன்னையார் இதனை நம்மிடம் முறையீடாகச் சொல்லவில்லை. வேறெதையோ பேசிக்கொண்டிருக்கையிலே இயல்பாகச் சொன்னார். “மூண்டு மணிக்கு லைற் எரியுது தம்பி. அப்பா வேலையாலை வாற நேரம்.” நமது தந்தையார் புகையிரதப் பகுதியிலே தெமட்டகொடை இயந்திரக் கொட்டகையில் வேலைபார்த்தவர். இராவேலை முடிந்து மூன்று மணிக்கு வந்து, சத்தமின்றி விளக்கைப் போட்டு, மூடிவைத்த சோற்றை உண்பார். அவர் காலமாகிப் பதினோராண்டு ஆகின்றது. நாம் மறுமொழி சொல்லாது எழுந்து வந்தோம்.

வீட்டிலே விசாரணை ஆரம்பமாயிற்று. விசாரணை என்பதினும் வழக்கு என்பதே பொருந்தும். குமிழே கெட்டது என்றார் தம்பியார். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய்ப் புதிய குமிழ் வாங்கி வந்தார். அதிலே ஒரு வேடிக்கை: குமிழ் அறைக்குள் வந்தால் மாத்திரம் போதாது, ஒவ்வோர் எசமானரிடமும் அதனைப் பதிவு செய்தாகவேண்டும். ஒரு செயலியிலே அதன் பெயர் ‘அம்மா அறை’. இன்னொன்றிலே ‘படுக்கையறை இரண்டு’. மேல்மாடிக் கணினியிலே எண்களாலான ஒரு நாமம். ஒரு செயலியிலே வைத்த பெயரை மற்றொன்று அறியாது. போதாக்குறைக்கு மகளின் பெட்டியிலே குமிழ் இரட்டைப் பிள்ளைகளாகத் தோன்றிற்று. கம்பெனியின் கணினி வழியாக ஒரு தடவையும் மேட்டர் வழியாக ஒரு தடவையும் அது உள்ளே புகுந்திருந்ததே காரணம். இரண்டிலே ஒன்றை நீக்கும்வரை ‘அப்பம்மாவின் விளக்கை ஏற்று’ என்றால் ‘எந்த விளக்கை?’ என்று பெட்டி திருப்பிக் கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இவ்வாறு கழிந்தது. மறுநாள் மாலை புதிய குமிழும் அதே நேரத்தில் நூர்ந்தது. பழைய குமிழ் குற்றமற்றது என்பது நிரூபணமாயிற்று. அது இப்பொழுது நம் விறாந்தையிலே எரிகின்றது.

அடுத்ததாக நம் இல்லாளின் ஐயம் மேல்மாடியின்மேற் பாய்ந்தது. தம்பியாரின் ஆட்சியிலே ‘அனைத்தும் நூர்க’ என்றொரு கட்டளை உண்டு. அவர் வெளியே புறப்படும்போது அது தானாக நடக்கும். அதற்கு அவருடைய ஆறு விளக்குகளே உட்பட்டவை என்று அவர் ஆணையிட்டுச் சொல்லியும் இல்லாள் நம்பவில்லை. இரண்டு மாலை அவரது கணினியை முற்றாக நிறுத்தி வைத்தோம். விளக்கு நூர்ந்தது. தம்பியாரின் முகத்திலே ஒளி ஏறியது. அவர் உடனே மகளின் பெட்டியைக் குற்றக்கூண்டில் ஏற்றினார். விளக்கு ஏறுவதும் நூர்வதும் இடையே ஏறக்குறையப் பதினைந்து நிமிடம். ஆதலால் ‘பதினைந்து நிமிடத்திற்குப் பின் நூர்க்க’ என்றொரு விதியைப் பிள்ளை அறியாமல் எழுதிவிட்டாள் என்பது அவர் வாதம். பிள்ளை அழுதுகொண்டே தன் பெட்டியின் விதிகள் அனைத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். அப்படி ஒன்றும் இல்லை. இயந்திரங்களின் பிணக்கு மனிதரின் பிணக்காக மாறுவதற்கு அதிக நாள் வேண்டுவதில்லை என்பதை அந்த வாரத்திலே கண்டோம்.

குமிழை ஆதிநிலைக்குத் திருப்பிவிட்டால் எல்லாம் சரியாகும் என்பது அடுத்த யோசனை. ஆளியைக் குறித்த தடவை மாறிமாறிப் போட்டு நிறுத்தினால் குமிழ் தன் நினைவனைத்தையும் இழக்கும். இதனை நாம் தடுத்தோம். நினைவிழந்த குமிழ் நால்வர் கொடுத்த திறவுகோலையும் ஒருங்கே இழக்கும். மறுபடியும் நால்வரும் அதே விதிகளோடு வந்து புகுவர். நோயும் அவர்களோடு புகும். பலர் கூடியாளும் குமிழுக்கு இது கடைசி மருந்தாதல் வேண்டும். முதலிலே செய்யத்தக்கது, ஒவ்வொரு செயலியினுள்ளும் ‘இணைக்கப்பட்ட சேவைகள்’ என்பது போன்ற தலைப்பிலே இருக்கும் பட்டியலைத் திறந்து, இக்குமிழுக்கு யார் யார் எசமானர் என்று எண்ணிப் பார்த்தல். நாம் எண்ணினோம். நால்வருக்கு மேல் எவரும் இல்லை. அந்நியர் எவரும் உள்ளே இல்லை என்பதே பெரும் ஆறுதலாயிருந்தது.

நாம் கல்லூரியிலே புவியியல் கற்பிப்பவர். ஒரு தோற்றப்பாட்டின் காரணம் தெரியாதபோது அதனை அளந்து எழுதிவைக்க வேண்டும் என்று மாணவர்க்குச் சொல்லி வருபவர். ஒரு கொப்பியை எடுத்து மூன்று நிரல் கோடிட்டோம். விளக்கு மாலையில் ஏறும் நேரம், நூரும் நேரம், இரவிலே முழு ஒளி பெறும் நேரம். விளக்கீட்டன்று 5.57 க்கு ஏறியது 6.11 க்கு நூர்ந்தது, இரவிலே 3.11. ஒரு வாரத்திற்குப் பின் 6.00, 6.16, 3.13. மேலும் ஒரு வாரம் செல்ல 6.03, 6.20, 3.17. முதலாவது நிரல் விளங்கியது. அது கொழும்பின் அத்தமனம். இரண்டாவது நிரல் அதனோடு ஒட்டிச் செல்வது போலத் தோன்றித் தம்பியாரின் பதினைந்து நிமிடக் கோட்பாட்டுக்குத் துணைபோயிற்று. மூன்றாவது நிரலே நம் உறக்கத்தைக் கெடுத்தது. மனிதர் எழுதும் விதி 3.15 என்றால் நாள்தோறும் 3.15 ஆகவே இருக்கும். நாளுக்கு நாள் அரை நிமிடம், முக்கால் நிமிடம் என்று நகரும் நேரம் கடிகாரத்தின் நேரமன்று. அது சூரியனுடைய நேரம். ஆனால் அதிகாலை மூன்று மணிக்குத் தெமட்டகொடையிலே சூரியனுக்கு என்ன அலுவல்?

இதனிடையே இன்னொரு சோதனையும் செய்தோம். ஒரு மாலையிலே வீட்டின் இணையத் தொடர்பை வெளியே அறுத்துவிட்டு, ரவுட்டர் பெட்டியை மாத்திரம் இயங்கவிட்டோம். அயல்நாட்டுக் கணினி எதிலிருந்தும் ஒரு சொல்லும் உள்ளே வர வழியில்லை. மகளின் பெட்டி வாயடைத்துப் போயிற்று. விளக்கை ஆளியாலே ஏற்றிவிட்டுக் காத்திருந்தோம். 6.20 க்கு நூர்ந்தது. ஆகவே கட்டளை வீட்டுக்குள்ளேயே பிறக்கின்றது. கூரையின்கீழ் இருந்துகொண்டு கட்டளையிட வல்லதாய் எஞ்சியது ஒரு பெட்டியே. அது அன்னையாரின் அலுமாரியின்மேல், தமக்கையார் விரித்துச் சென்ற பின்னல் துணியின்மேல் பச்சைக் கண்ணோடு அமர்ந்திருந்தது.

ஜனவரி முதல் வாரத்திலே ஒரு மாலை தமக்கையாரே அழைத்தார். குரலிலே கலக்கம். “அம்மா ஏன் இப்ப ஏழு மணிக்கு முந்தியே படுத்திடுறா? உடம்புக்கு ஏதும் செய்யுதே? மறைக்காமல் சொல்லு தம்பி.” காலையிலே கோப்பி குடிக்கும் வேளையில் அவர் கைத்தொலைபேசியைத் திறந்து அம்மாவின் விளக்கைப் பார்ப்பது வழக்கமாம். ஆகஸ்டு தொடக்கம் எரிந்துகொண்டிருந்த விளக்கு, சில வாரங்களாக அந்த நேரத்தில் எரிவதில்லையாம். பல நாள் ‘பதிலில்லை’ என்று காட்டுகின்றதாம். அம்மா நோயுற்றிருப்பதை நாம் ஒளிக்கின்றோம் என்று எண்ணி, விமானச் சீட்டின் விலைகூட விசாரித்து வைத்திருக்கின்றார். நாம் சமாதானம் சொல்லிக்கொண்டே அங்கே குளிர் எப்படி என்று கேட்டோம். “குளிரை விடு. பின்னேரம் ஐஞ்சு மணிக்கு முன்னமே இருண்டு போயிடும்,” என்றார்.

கொப்பி மடியிலேதான் இருந்தது. ரொறன்ரோவின் மாரிகால நேரத்துக்கும் நமக்கும் பத்தரை மணித்தியால வேற்றுமை. அன்றைக்கு அங்கே சூரியன் மறைந்தது ஐந்துக்குச் சில நிமிடம் முன்னர். பத்தரையைக் கூட்டினால், நம் இரவிலே மூன்றேகால் கடந்து சில நிமிடம். அங்கே சூரியன் உதிப்பது காலை 7.51, கூட்டினால் மாலை 6.21. கொப்பியின் கடைசி வரியிலே நாம் எழுதியிருந்த எண் அதுவே.

தமக்கையார் தமது பெட்டியிலே எழுதியிருந்த விதி வருமாறு: சூரியன் மறைந்ததும் அம்மாவின் விளக்கை ஏற்றுக, சூரியன் உதித்ததும் நூர்க்க. இதைவிட அன்பான ஒரு விதியை எவரால் எழுத இயலும்? விதியிலே பிழையில்லை. பெட்டியை முதன்முதல் அவர் பரீட்சித்தது தம் வீட்டிலே. ஆகையால் அதன் வீட்டு விலாசம் ரொறன்ரோ என்றே பதிந்திருந்தது. பெட்டி சமுத்திரம் கடந்தது, விலாசம் கடக்கவில்லை. தெமட்டகொடையின் அலுமாரி உச்சியிலே இருந்துகொண்டு அது ஒன்ராறியோ வாவியின் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்படியாயின் ஆகஸ்டிலே ஏன் இது தெரியவில்லை? புவியியலாளருக்கு இதைவிட இனிய வினா வேறில்லை. ஆகஸ்டிலே ரொறன்ரோவில் சூரியன் மறைவது இரவு எட்டு மணியளவில். கோடைகாலக் கடிகாரப்படி வேற்றுமை ஒன்பதரை மணித்தியாலமே. எனவே விளக்கு முழு ஒளி பெற்றது நமது காலை ஐந்தரை மணியளவில். அன்னையார் எழுந்து தேவாரம் பாடும் நேரம் அது, எவரும் பொருட்படுத்தவில்லை. அங்கே உதயம் ஆறரை மணியளவில். நூர்க்கும் கட்டளை இங்கே பிற்பகல் நான்கு மணிக்கு, நூர்ந்திருக்கும் விளக்குக்கே வந்தது. நவம்பர் 3 ஆம் திகதி கனடாவிலே கடிகாரம் பின்னே திருப்பப்பட்டபோதும், சூரியனை ஒட்டிய அக்கட்டளை அதனால் இங்கே நகரவில்லை; உதயம் நாளுக்கு நாள் பிந்தியதால் அது அந்நாட்களிலே ஐந்தரையை அண்டியிருந்தது. அப்பொழுதும் கேடில்லை, கொழும்பிலே பொழுது படுமுன்னர் அது வந்து போய்விடும். வடக்கே மாரி முற்ற முற்ற உதயம் பிந்தியது; நவம்பர் நான்காம் வாரத்திலே அது நம் அத்தமனத்தை முந்தவிட்டுப் பின்னால் வரத் தொடங்கியது. அன்று தொடங்கியது நம் இருள். கணித்துப் பார்த்தபோது, ஜனவரி 20 ஆம் திகதியளவிலே கொழும்பின் அத்தமனம் பிந்தி, அங்கத்தை உதயம் முந்தி, இரண்டும் மீண்டும் இடம் மாறும் என்று கண்டோம். நாம் ஒன்றுமே செய்யாது இருந்திருப்பின் நோய் தானே குணமாகியிருக்கும். கடைசியாக எதை மாற்றினோமோ அதனையே மருந்தென்று நம்பியிருப்போம். அடுத்த நவம்பரிலே மீண்டும் முக்காலியிலே இடறியிருப்போம்.

தமக்கையாரின் பெட்டியைக் கழற்றிவிடலாம் என்பது மகளின் தீர்ப்பு. செய்வதற்கு இரண்டு நிமிடம் போதும். கைத்தொலைபேசியின் மறுமுனையிலே சிறிது நேரம் சத்தமில்லை. பின்னர், “சரி, கழட்டுங்கோ. அந்த லைற்றிலைதான் நான் அம்மாவைப் பாக்கிறனான்,” என்றார் தமக்கையார். அதன்பின் கழற்றுவது பற்றிய பேச்சே எழவில்லை. அவர் தம் செயலியிலே ‘கொழும்பு’ என்று இரண்டாவது வீடொன்றைப் படைத்து, நம் விலாசத்தையும் நேர வலயத்தையும் கொடுத்து, மகளையும் அதன் அங்கத்தவராக்கினார். குமிழைச் சேர்க்கும் கைத்தொலைபேசி குமிழுள்ள வீட்டின் வலையமைப்பிலேயே இருத்தல் வேண்டும் ஆதலால் மகளே அந்தக் கருமத்தைச் செய்தாள். அவளது செயலி தந்த பதினோரிலக்க எண்ணைத் தம்பியார் உரக்க வாசித்தார். மேல்மாடியும் கீழ்வீடும் அவ்வாண்டிலே முதன்முறையாக ஒரே மேசையில் இருந்தன.

விதிகள் இப்பொழுது ஓரிடத்திலேயே இருக்கின்றன, மகளின் பெட்டியிலே. மற்றையோர் பார்க்கலாம், அவசியமேற்படின் கையால் ஏற்றலாம், நூர்க்கலாம். நேரத்தை ஒட்டிய கட்டளை எதனையும் எழுதுதல் கூடாது. தம்பியார் தமது ‘அனைத்தும் நூர்க’ என்பதிலே அம்மா அறை இல்லை என்பதை நம் இல்லாளுக்கு மறுபடியும் திறந்து காட்டினார்.

சுவராளியைப் பற்றிப் பெரும் வாதம் நிகழ்ந்தது. அதனை மூடி ஒட்டிவிட்டுக் கட்டிலருகே கம்பியில்லாத பொத்தான் ஒன்றை வைக்கலாம் என்றார் தம்பியார். நாம் இணங்கவில்லை. எல்லா எசமானரும் தோற்றுப்போன நாளிலும் கிழவியின் விரல் வெல்லவேண்டும். இவ்வகைக் குமிழ்கள் பலவற்றிலே, மின்சாரம் நின்று மீளும்போது எவ்வாறு நடக்கவேண்டும் என்று சொல்லிவைக்க இயலும். முன்னிருந்த நிலைக்குப் போ என்றோ, எரி என்றோ, நூர்ந்திரு என்றோ கூறலாம். நாம் ‘எரி’ என்று கூறினோம். இதனால் மின்வெட்டு நீங்கும் நேரம் நள்ளிரவாயிருந்தால் அறை பகலாகிவிடும் என்பது உண்மையே. 2022 இலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டைக் கண்ட நாட்டிலே, விளக்கு எரிவதை ஒரு குறையாக எண்ண நமக்கு மனம் வரவில்லை. அன்னையாருக்கு ஒரேயொரு பாடம் சொல்லிக் கொடுத்தோம்: எரியாவிட்டால் இன்னொரு தரம் அழுத்துங்கள் அம்மா. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்திலே ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் மின்சாரம் நின்றதல்லவா? அன்று மின்சாரம் மீண்டபோது நம் வீட்டிலே முதலில் எரிந்தது அன்னையாரின் அறைவிளக்கு. ரவுட்டர் பெட்டி கண்விழிக்கு முன்னமே, எசமானர் எவரும் தம் கட்டளையோடு வருமுன்னமே, அது எரிந்துவிட்டது.

அதற்கு மூன்று நாள் சென்று, சாப்பாட்டு நேரத்திலே அன்னையார் கேட்டார்: “இப்ப மூண்டு மணிக்கு லைற் வாறேல்லை, என்ன?” நாம் ரொறன்ரோவையும் சூரியனையும் பெட்டியையும் பற்றி ஆதியோடந்தமாக விளக்கினோம். அவர் எல்லாவற்றையும் பொறுமையோடு கேட்டுவிட்டு, “அது சரி,” என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். மகள் நம் முகத்தைப் பார்த்தாள்.

அன்றிரவு அவள் தன் பெட்டியிலே புதிதாக ஒரு விதி எழுதினாள். அதிகாலை 3.00 மணி, பத்திலே மூன்று பங்கு ஒளி, இருபது நிமிடம். இதனை எழுதவேண்டியவர் தாமே என்று தமக்கையாரும், தம் கணினியிலே எழுதினால் இணையமின்றியும் நடக்கும் என்று தம்பியாரும் சிறிது நேரம் வாதாடினர். அது மகளின் பெட்டியிலேயே இருக்கின்றது.